பினாங்கு ஈரத்தில் தாக்குப்பிடித்த ஃபிளாட் பெட்டி

பினாங்கில் தொலைநோக்கி வைத்துப் படம் எடுக்கத் தொடங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, ஃபிளாட் ஃபிரேமுக்கு (ஓர இருட்டையும் தூசித் தடத்தையும் நீக்க, சீராக ஒளிரும் பரப்பை எடுக்கும் படம்) அந்தி வானத்தை நம்பாதீர்கள் என்பதுதான். நாம் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 5 பாகை சொச்சம். இங்கே சூரியன் கிட்டத்தட்ட நேர்க்குத்தாகக் கீழே இறங்கிவிடும். மறைந்து 20 நிமிடம் போனால் ஃபிளாட்டுக்கு வேண்டிய வெளிச்சம் அநேகமாகப் போய்விடும். அதற்குள் வெளிச்சம் குறையக் குறைய எக்ஸ்போஷரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். போதாததற்கு மேற்கே கடல்மேல் மேகம். வானத்தின் ஒரு பக்கம் வெளுத்தும் மறுபக்கம் இருண்டும் கிடந்தால், குழாய் வாயில் வெள்ளை டி-சட்டையை இழுத்துக் கட்டினாலும் அந்தச் சரிவில் கொஞ்சம் ஃபிளாட்டில் ஏறத்தான் செய்யும். அதனால்தான் 2020-இன் பிற்பாதியில், நடமாட்டக் கட்டுப்பாடு தளர்ந்த சமயத்தில், ஒரு விளக்குப் பெட்டி செய்தேன். அதில் பல பாகங்கள் மாறிவிட்டன, ஆனால் இன்றைக்கும் அதைத்தான் பயன்படுத்துகிறேன்.

ஃபிளாட் இல்லாமல் சமாளிக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கிராமத்து வானத்தில் ஓரளவு முடியலாம். குளுகோர் பக்கம் அடுக்குமாடியிலிருந்து எடுக்கும்போது வானப் பின்னணியே வெளிச்சமாக இருக்கும். ஒரு ஸ்ட்ரெட்ச் (மங்கலானவை தெரியும்படி படத்தின் வெளிச்சத்தை உயர்த்துவது) கொடுத்தால் போதும், மூலைகள் இருண்டு, ஃபில்டரில் ஒட்டிய தூசி ஒவ்வொன்றும் கறுப்பு வட்டமாக எழும்பி நிற்கும். சென்சாருக்குப் பக்கத்தில் இருக்கும் தூசி என்றால் வட்டம் சின்னது, கறுப்பு அதிகம். தள்ளி இருந்தால் பெரிதாகி மங்கிவிடும். சீராக ஒளிரும் ஒரு பரப்பைப் படம் பிடித்து, அதால் நம் படத்தை வகுத்தால் இவை எல்லாம் ஒழியும். ஆனால் நகர வெளிச்சம் உண்டாக்கும் சாய்வு இதில் போகாது. அது ஒளியோடு கூடுதலாகச் சேர்ந்தது என்பதால் கழிக்க வேண்டியது, வகுத்துப் பயனில்லை. இந்த வித்தியாசம் பிடிபடாமல் ஃபிளாட்டைத் திட்டுகிறவர்கள் நிறையப் பேர்.

என்னிடம் இருப்பது 80 மி.மீ. ரிஃப்ராக்டர், அதாவது லென்ஸ் வைத்த தொலைநோக்கி. பெட்டிக்கு வேண்டிய பால் வெள்ளை அக்ரிலிக் தேடி பட்டர்வொர்த்தில் ஒரு சைன்போர்டு கடைக்குப் போனேன். கடைக்காரர் வெட்டிப்போட்ட துண்டுகளில் 3 மி.மீ. கனத்தில் இரண்டை எடுத்துக் கொடுத்தார்.

"எதுக்குத் தம்பி இது?"

"டெலஸ்கோப் வாய்ல வச்சுப் படம் எடுக்கண்ணே. வெளிச்சம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருக்கணும்."

"அப்போ விளக்கை நேரா அக்ரிலிக்கைப் பார்த்து ஒட்டாதே. புள்ளி புள்ளியாத் தெரியும். பக்கச் சுவர்ல ஒட்டி, அடியைப் பார்க்கத் திருப்பு. வெளிச்சம் வெள்ளையில பட்டுத் திரும்பி வரட்டும்."

பெட்டியின் மொத்தத் தரமும் அந்த ஒரு யோசனையில்தான் நிற்கிறது. உள்ளே பளபளப்பில்லாத வெள்ளைப் பெயின்ட், பக்கங்களில் 12 வோல்ட் எல்இடி பட்டை, மேலே இரண்டு அக்ரிலிக் தகடுகள், நடுவில் விரல் கனத்துக்கு இடைவெளி. பனித்தடுப்புக் குழாயின் மேல் அப்படியே உட்காரும்படி ஒரு வளையம். செலவு 60 வெள்ளிக்குள் (ரிங்கிட்) முடிந்தது.

முதலில் பெட்டியின் உடம்புக்குப் போட்டது காகிதம் ஒட்டிய ஃபோம் போர்டு. அது ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. காகிதம் ஈரத்தை இழுத்துப் பக்கங்கள் வளைந்தன, உள் பெயின்ட்டில் கறுப்புப் பூஞ்சைப் புள்ளிகள் வந்தன. எல்இடி பட்டையின் பின்பசையும் புழுக்கத்தில் இளகி ஒரு முனை தொங்கிவிட்டது. இப்போது இருப்பது பிவிசி ஃபோம் தகடு, அதே கடையில் கிடைக்கும். தண்ணீர் குடிக்காது, கத்தியால் வெட்டலாம். பட்டையைப் பசையை நம்பாமல் பிளாஸ்டிக் கிளிப் வைத்துத் திருகியிருக்கிறேன். கடல் காற்றில் சால்டரிங் இணைப்புகள் பச்சை பூக்கும், அதனால் அவற்றின் மேல் ஹீட் ஷ்ரிங்க் குழாய் கட்டாயம். கேமராவை வைக்கும் சிலிக்கா ஜெல் டப்பாவைப் போலவே பெட்டிக்கும் மூடியுள்ள ஒரு டப்பா ஒதுக்குங்கள்.

வெளிச்சத்தைக் குறைப்பதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். கடையில் விற்கும் சின்ன டிம்மர்கள் விளக்கை வேகமாக அணைத்து அணைத்து எரியவிட்டுத்தான் மங்கலாக்குகின்றன. கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கேமராவின் சீமாஸ் (CMOS) சென்சார் வரிசை வரிசையாகப் படிப்பதால், எக்ஸ்போஷர் குறைவாக இருந்தால் படத்தில் கிடைக்கோடுகளாக விழும். என் வழி எளிது: டிம்மரே வேண்டாம், அக்ரிலிக்கின் மேல் வெள்ளை ஏ4 தாள்களை அடுக்குவது. தாளின் நார் தெரியுமோ என்று பயப்பட வேண்டாம், அவ்வளவு கிட்டத்தில் அது ஃபோகஸுக்கு வரவே வராது. எக்ஸ்போஷர் 2, 3 வினாடிக்கு வரும் வரை தாள் சேர்த்து, பிக்சல் மதிப்பின் உச்சம் 65,535 என்றால் 25,000-க்கும் 30,000-க்கும் நடுவில் நிறுத்துகிறேன். தாள் மட்டும் மெல்ல மஞ்சளாகும், அப்போது மாற்றிவிட வேண்டியதுதான்.

பெட்டி சீராக இருக்கிறதா என்று கண்ணால் பார்த்து முடிவு கட்டாதீர்கள். ஒரு தொகுதி ஃபிளாட் எடுங்கள். தொலைநோக்கியையும் கேமராவையும் தொடாமல் பெட்டியை மட்டும் 90 பாகை திருப்பி இன்னொரு தொகுதி எடுங்கள். ஒன்றை மற்றொன்றால் வகுத்து ஸ்ட்ரெட்ச் செய்து பாருங்கள். ஓர இருட்டும் தூசியும் இரண்டிலும் ஒன்றே என்பதால் அடிபட்டுப் போகும், மிஞ்சுவது பெட்டியின் குறை மட்டும். என் பெட்டியில் மூலைக்கு மூலை வித்தியாசம் 1 சதவீதத்துக்குள் இருக்கிறது. பட்டையை மாற்றும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்துவிடுவேன்.

குறுகிய அலைநீளப் பட்டையை மட்டும் கடத்தும் நேரோபேண்ட் ஃபில்டர் போட்டால் கதை வேறு. வெள்ளை எல்இடியின் ஒளி 450 நா.மீ. (நானோமீட்டர்) அருகில் நீலத்தில் ஓங்கி, பிறகு ஒரு பள்ளத்தில் இறங்கி, மஞ்சளில் மறுபடி ஏறும். நெபுலாக்கள் (வாயு மேகங்கள்) உமிழும் ஆக்சிஜன் கோடு 500.7 நா.மீ.-இல், அந்தப் பள்ளத்திலிருந்து ஏறும் இடத்தில் இருக்கிறது. ஹைட்ரஜன் ஆல்ஃபா 656.3 நா.மீ.-இல், வெளிச்சம் சரிந்து முடியும் பக்கம். அதனால் கூல் ஒயிட்டைவிட வார்ம் ஒயிட் பட்டையே மேல், அதில் சிவப்பு அதிகம். அப்போதும் எல்லாத் தாளையும் எடுத்துவிட்டு எக்ஸ்போஷரைக் கூட்ட வேண்டியிருக்கும். கலர் கேமராவில் ஃபிளாட் மஞ்சளடித்துத் தெரிந்தால் கவலை இல்லை. படங்களைச் சேர்க்கும் சிரில் மென்பொருளில் அதைச் சமப்படுத்தும் தேர்வு இருக்கிறது. எந்த வண்ணமும் உச்சத்தை முட்டாமல் இருந்தால் சரி.

பாலிக் புலாவ் போய் கரீனா நெபுலா எடுக்கும் இரவுகளில் பெட்டி உண்மையிலேயே கைகொடுக்கிறது. அது நம் தெற்கு வானில் 25 பாகைக்குமேல் ஏறாது, கிடைக்கும் நேரம் குறைவு, நடுவில் மேகமும் வரும். மேகம் மூடியதும் கேமராவைத் திருப்பாமல், ஃபோகஸை மாற்றாமல், குழாயைச் செங்குத்தாக நிமிர்த்திப் பெட்டியை வைத்து ஃபிளாட்டை முடித்துவிடுவேன். அதே எக்ஸ்போஷரில் மூடி போட்டு டார்க் ஃபிளாட்டும் எடுத்துவிடுங்கள். அதைக் கழிக்காமல் விட்டால் வகுத்தல் கணக்கு தப்பி, மூலைகள் இருண்டோ வெளுத்தோ நிற்கும்.

8 அங்குல நியூட்டோனியன் (கண்ணாடி ஆடி வைத்த தொலைநோக்கி) வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பெட்டியை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அந்த அளவுக்குச் செய்தால் கனம் ஏறும், ஃபோகஸர் அருகே குழாய் வாயில் நிற்கவும் நிற்காது. ஓவியம் பிரதி எடுக்கும் எல்இடி டிரேசிங் பேட் வாங்கிக்கொள்ளுங்கள். ஏ4 அளவு குழாயின் வெளி விட்டத்தை மூடாது, ஏ3 வேண்டும். அதிலும் பெரும்பாலும் மினுக்கும் டிம்மர்தான் இருக்கும் என்பதால் முழு வெளிச்சத்தில் வைத்து, தாளை அடுக்கியே குறையுங்கள்.