டர்போ 350 கியர்பாக்ஸுக்கு பி அண்ட் எம் கவர்னர் கிட்: என் அனுபவம்

என்னிடம் இருப்பது 1972 செவர்லே நோவா. 350 கன அங்குல இன்ஜின், பெரிய கேம் (இன்ஜின் வால்வுகளைத் திறக்கும் தண்டு), 3,000 ஆர்பிஎம் ஸ்டால் கன்வர்ட்டர் (இன்ஜினையும் கியர்பாக்ஸையும் ஆயில் வழியாக இணைப்பது; இன்ஜினை 3,000 வரை ஏறவிட்டு அப்புறம்தான் இறுகப் பிடிக்கும்). அதன் பின்னால் டர்போ 350 என்று எல்லோரும் சொல்லும் மூன்று கியர் ஆட்டோமேட்டிக். இன்ஜினை இவ்வளவு மாற்றிய பிறகும் கியர்பாக்ஸ் மட்டும் குடும்பக் காரின் பழக்கத்திலேயே இருந்தது. ஆக்சிலேட்டரை அடிவரை அழுத்தினாலும் 4,600 ஆர்பிஎம்மிலேயே இரண்டாவது கியருக்குத் தாவிவிடும். இந்த கேம் முழு பலத்தைக் காட்டுவதே அதற்கு மேல்தான்.

பக்கத்து ஊர் கடை ஒன்றில் கியர்பாக்ஸை முழுசாகப் பிரித்து, வால்வு பாடியையும் (ஆயில் அழுத்தத்தால் கியர்களை மாற்றும் பகுதி) மாற்ற வேண்டும் என்றார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. கியர் வழுக்கவில்லை, ஆயில் கருகவில்லை. மாறும் நேரம்தான் சரியில்லை. முழு ஆக்சிலேட்டரில் அந்த நேரத்தை முடிவு செய்வது கவர்னர் என்ற சின்னச் சாமான். கியர்பாக்ஸின் வெளியேறும் தண்டோடு சேர்ந்து அது சுழலும். வேகம் ஏற ஏற அதன் எடைகள் வெளியே விரிந்து ஆயில் அழுத்தத்தைக் கூட்டும். அந்த அழுத்தம் ஷிப்ட் வால்வைத் தள்ளும்போது கியர் மாறும். எடை லேசானால் அழுத்தம் மெதுவாக ஏறும், கியர் தாமதமாக மாறும். பி அண்ட் எம் கம்பெனியின் கவர்னர் கிட்டில் வருவதும் இதற்குத்தான்: வெவ்வேறு எடைகள், ஸ்பிரிங்குகள். ஒரு முழு ரீபில்டின் செலவோடு பார்த்தால் விலை சில்லறைக் காசு.

எத்தனை ஆர்பிஎம்மில் மாற்றுவது என்பதை முதலில் காகிதத்தில் போட்டுப் பாருங்கள். டர்போ 350-இன் முதல் கியர் 2.52, இரண்டாவது 1.52. மாறும்போது ஆர்பிஎம் சுமார் 60 சதவீதத்துக்கு விழும். 4,600-இல் மாற்றினால் 2,800-க்கும் கீழே. கன்வர்ட்டர் கொஞ்சம் தாங்கிப் பிடிக்கும், ஆனால் பெரிய கேமுக்கு அது செத்த இடம். 5,800-இல் மாற்றினால் 3,500-இல் போய் விழும். அங்கே இன்ஜினுக்கு இழுக்கத் தெம்பு இருக்கும். பின்சக்கர ஆக்சிலின் பல் விகிதத்தை மாற்றினால் ஷிப்ட் ஆர்பிஎம்மும் மாறிவிடும் என்று பலர் சொல்கிறார்கள். மாறாது. கவர்னர் பார்ப்பது ஆக்சிலுக்கு முன்னால் இருக்கும் தண்டின் சுழற்சியை. மாறுவது மைல் வேகம் மட்டும்தான்.

வேலை சுலபம். டிரைவர் பக்கம், கியர்பாக்ஸின் பின்பகுதியில், கம்பிக் கிளிப் போட்ட ஒரு வட்ட மூடி. கிளிப்பைத் தள்ளி, மூடியைக் கழற்றி, கவர்னரை லேசாகத் திருகி இழுத்தால் கையோடு வந்துவிடும். வண்டி நன்றாக ஆறிய பிறகு செய்யுங்கள், சூடான ஆயில் மணிக்கட்டு வழியாக ஓடும். எடைகளைப் பிடித்திருக்கும் சின்ன ஊசிகளின் (பின்) முனையை வெட்டித்தான் எடுக்க வேண்டும். வெளி எடைகள் தாழ்ந்த வேகத்தில் ஆளுகின்றன; வேகம் கூடியதும் அவை முட்டி நின்றுவிட, மிச்சத்தை உள் எடைகளும் ஸ்பிரிங்கும் பார்த்துக்கொள்கின்றன. திரும்பப் போடுவதற்கு முன் வால்வு சிக்காமல் வழுக்குகிறதா, பல் சக்கரம் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கவர்னர் சிக்கினால் கியரே ஏறாது.

இப்போது முதலிலிருந்து இரண்டாவது 5,800 பக்கம் மாறுகிறது. இரண்டிலிருந்து மூன்றாவது கொஞ்சம் முன்னாலேயே, 5,500 அளவில். இரண்டையும் தனித்தனியாகத் துல்லியமாக வைக்க முடியாது, ஒன்றைத் தொட்டால் மற்றதும் நகரும். கவர்னர் முறையின் எல்லை அது. எனக்கு அது குறையாகப் படவில்லை. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், கிரேட் மெடோஸில் இருக்கும் ஐலண்ட் டிராக்வே பந்தயத் தடத்தில் பிராக்கெட் ரேஸ் (ஓட்ட நேரத்தை முன்கூட்டியே சொல்லிவிட்டு ஓடும் பந்தயம்) ஓடுபவனுக்கு வேகத்தைவிட முக்கியம், சொன்ன நேரத்துக்கு வந்து சேர்வது. லீவரை D-யில் போட்டுவிட்டு ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடிக்கிறேன்; ஒவ்வொரு ஓட்டத்திலும் கியர் அதே இடத்தில் விழுகிறது. இன்ஜின் சத்தம் உச்சிக்குப் போய், ஒரு கணம் இறங்கி, உடனே மறுபடி இழுக்கும்போது வரும் சந்தோஷத்தை நான் எதற்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

வாங்குவதற்கு முன் இரண்டு விஷயம். ஆக்சிலேட்டரை முழுக்க அழுத்தும்போது டிடென்ட் கேபிள் (ஆக்சிலேட்டரிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் கம்பி) முழுசாக இழுபடுகிறதா, வேக்குவம் மாடுலேட்டர் (இன்ஜினின் வெற்றிடத்தை வைத்து கியர்பாக்ஸின் ஆயில் அழுத்தத்தைச் சரிசெய்வது) குழாய் வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். அங்கே கோளாறு இருந்தால் எந்தக் கிட்டும் உதவாது. அப்புறம் இன்ஜினின் வால்வு ஸ்பிரிங். கம்பெனி ஸ்பிரிங்கை வைத்துக்கொண்டு 5,800-க்கு ஏற்றாதீர்கள், வால்வு மிதக்கும், அதாவது நேரத்துக்கு மூடாது.

முழு மேனுவல் வால்வு பாடி (ஒவ்வொரு கியரையும் கையால் லீவரில் மாற்றும் வகை) போட்டவர்களுக்கு இது தேவையே இல்லை. 4எல்60இ, 4எல்80இ என்ற கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டு கியர்பாக்ஸ் வைத்திருப்பவர்களும் வாங்க வேண்டாம். அவற்றில் கவர்னர் கிடையாது, ஷிப்ட் அட்டவணையை லேப்டாப்பில்தான் திருத்த வேண்டும்.