கமியாச்சோ சந்தில் ஒரு ஒகோனோமியாகி கடை, தொட்டுக்கொள்ள மோரியாசு கதை

ஹிரோஷிமாவில் ஒகோனோமியாகி, அதாவது கோஸும் மாவும் சேர்த்துக் கல்லில் சுடும் ஜப்பானிய அடை, விற்கும் கடைக்குப் பஞ்சமே இல்லை. கால்பந்துப் பைத்தியம் உள்ளவர்களுக்கு மட்டும் நான் இந்தக் கடையைச் சொல்வேன். கமியாச்சோவில் டிராமை விட்டு இறங்கிச் சந்துக்குள் நுழைந்தால் வாசலில் ஊதா நிறத் துணித்திரை தொங்கும். 2024இல் திறந்த பீஸ் விங் கால்பந்து மைதானத்துக்கு இங்கிருந்து நடந்தே போய்விடலாம். பெயரை எழுதட்டுமா என்று கேட்டேன். "இருப்பதே எட்டு ஸ்டூல், வேண்டாம்" என்றார் கடைக்காரர். சரி, எழுதவில்லை.

முதலில் சாப்பாடு. மாவைக் கல்லில் மெல்லிசாக இழுத்து, மீன்பொடி தூவி, அதன் மேல் முட்டைக்கோஸை ஒரு குன்று போலக் குவிக்கிறார். அதற்கு மேல் முளைப்பயறு, பன்றி இறைச்சித் துண்டுகள். ஒரே திருப்பில் மொத்தத்தையும் கவிழ்த்துவிட்டு, பிறகு அழுத்தவே மாட்டார். ஆவியிலேயே கோஸ் வெந்து தானாக அமுங்கும்வரை காத்திருக்கிறார். அவசரக்காரர்களின் கடைகளில் கரண்டியால் அமுக்கிச் சாறெல்லாம் கல்லில் ஓடிவிடும். இங்கே கோஸ் இனிக்கிறது. பக்கத்தில் சோபா நூடுல்ஸ் ஓரம் மொறுமொறுவென்று வறுபடுகிறது. கடைசியில் முட்டை, சாஸ். தட்டு கேட்காதீர்கள், கல்லிலிருந்தே சின்னக் கரண்டியால் வெட்டி வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். இறைச்சி வேண்டாமென்றால் விட்டுவிடுவார். ஆனால் மீன்பொடி மாவோடு ஒட்டிப்போனது, சுத்த சைவக்காரர்களுக்கு இந்தக் கடை சரிப்படாது.

இனி மோரியாசு. ஜப்பான் தேசிய அணியின் பயிற்சியாளர் ஹஜிமே மோரியாசு என்றாலே எல்லோரும் தோஹாவில்தான் ஆரம்பிப்பார்கள். 1993 அக்டோபர் 28, ஈராக்குடன் 2-1 என்று முன்னிலை, கூடுதல் நிமிடத்தில் ஒரு கோல் வாங்கி உலகக் கோப்பைக்குப் போகும் வாய்ப்பு கைநழுவிய ஆட்டம். அன்று களத்தில் இருந்தவர்களில் அவரும் ஒருவர். இந்தக் கடைச் சுவரில் அந்த ஆட்டத்தின் படம் ஒன்றுகூட இல்லை. கேட்டால் தாய்ஷோ (கடைக்காரரை இங்கே எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்) முகத்தைச் சுளித்துக்கொண்டு, "அது டோக்கியோக்காரர்கள் சொல்லும் கதை" என்கிறார். சுவரில் இருப்பது 7ஆம் எண் ஊதா ஜெர்சி. இந்த ஊர் கிளப்பான சான்ஃபிரேச்சே ஹிரோஷிமாவில் மோரியாசு போட்டது அந்த எண்தான்.

தாய்ஷோ சொல்லும் கதை 1987இல் தொடங்குகிறது. நாகசாகியில் பள்ளி முடித்த பையனை, பின்னாளில் சான்ஃபிரேச்சேவாக மாறிய மஸ்டா கார் நிறுவன அணி எடுத்துக்கொள்கிறது, ஆனால் வேலை தலைமை நிறுவனத்தில் இல்லை, சரக்குப் போக்குவரத்துத் துணை நிறுவனத்தில். களத்திலும் அதே கதைதான்: நடுக்களத்தில் பந்தைப் பறிப்பார், பக்கத்தில் நிற்பவரிடம் கொடுப்பார், ஒதுங்கிவிடுவார். கைதட்டல் வேறு யாருக்கோ போகும். மஸ்டாவில் அவரைப் பார்த்திருந்த ஹான்ஸ் ஓஃப்ட் 1992இல் தேசிய அணிக்குப் பயிற்சியாளராக வந்ததும் இவரைக் கூப்பிட்டார். முதல் ஆட்டமே அர்ஜென்டினாவுடன். மொத்தம் 35 ஆட்டங்கள், ஒரே ஒரு கோல். அந்த ஒரு கோல் என்று சொல்லும்போது தாய்ஷோவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

மோரியாசு சான்ஃபிரேச்சேவுக்குப் பயிற்சியாளராக வந்த 2012இலேயே கிளப்புக்கு முதல் லீக் பட்டம். 2013இல் மறுபடியும், 2015இல் மூன்றாவதாக. பணக்காரக் கிளப் இல்லை என்பதை இங்கே ஒவ்வொருவரும் ஒருமுறையாவது சொல்லிவிடுகிறார்கள். 2017இல் அணி 17ஆம் இடத்துக்குச் சரிந்து அவர் விலகியதைப் பற்றிப் பேச்செடுத்தேன். தாய்ஷோ கல்லைச் சுரண்ட ஆரம்பித்துவிட்டார், பதிலில்லை. பக்கத்து ஸ்டூல்காரர்தான், "அப்புறம் வந்தாரே" என்றார்.

வந்தது கத்தார் உலகக் கோப்பையில், ஜப்பான் அணியின் பயிற்சியாளராக. 2022இல் ஜெர்மனிக்கு எதிராக 83ஆம் நிமிடத்தில் வெற்றி கோல் போட்ட அசானோவும் ஹிரோஷிமாவில் மோரியாசுவிடம் வளர்ந்தவர். அதனால் இந்தச் சந்துக்காரர்களைப் பொறுத்தவரை ஜெர்மனியை 2-1 என்று வீழ்த்தியது ஹிரோஷிமாதான், ஜப்பான் அல்ல. ஸ்பெயினையும் அதே கணக்கில் வென்று, குரோஷியாவிடம் பெனால்டியில் தோற்ற பிறகு ரசிகர்களுக்கு முன் அவர் இடுப்பை வளைத்துக் குனிந்து நின்ற படம் குளிர்பெட்டிக் கதவில் இருக்கிறது. அதன் கீழே, 2025 அக்டோபரில் இரண்டு கோல் பின்தங்கியிருந்து பிரேசிலை 3-2 என்று வென்ற செய்தித்தாள் துண்டு. அதில் ஏற்கெனவே சாஸ் கறை.

குறைகளும் உண்டு. புகை போக்கி பெயருக்குத்தான், போட்ட சட்டையை அன்றே துவைக்க வேண்டும். மெனு ஜப்பானிய மொழியில் மட்டும், கார்டு வாங்க மாட்டார்கள். பன்றி இறைச்சி, முட்டை, சோபா போட்டது ஆயிரம் யென்னுக்குள் முடிகிறது, ஆனால் குளிர்காலத்தில் சிப்பி சேர்த்தால் விலை எகிறிவிடும். சிப்பி அந்த விலைக்குத் தகாது என்பது என் கருத்து, ஊர்க்காரர்கள் சண்டைக்கு வரலாம். இன்னொன்று: கதை சூடு பிடித்தால் தாய்ஷோ கல்லை மறந்துவிடுகிறார். என் சோபாவின் ஒரு பக்கம் கருகியே வந்தது. அவருடைய மனைவி கல்லாவிலிருந்து அதட்டியதும்தான் கரண்டியைக் கையில் எடுத்தார்.

ஆட்ட நாளில் மைதானத்திலிருந்து கூட்டம் அப்படியே இங்கே வரும், கால் கடுக்க நிற்க வேண்டியிருக்கும். வார நாளில், மதியக் கூட்டம் கலைந்த பிறகு போங்கள். கல்லுக்கு நேரெதிரே உள்ள ஸ்டூல் கிடைத்தால் விடாதீர்கள்; ஓரத்தில் உட்கார்ந்தால் ஜெர்சியும் தெரியாது, கதையும் பாதிதான் காதில் விழும்.