‘80 எல்பி புளோரோகாபன்’ என்று விற்கப்படும் லீடர் நூல்: கிழக்குக் கரைத் தூண்டிற்காரருக்கு ஓர் எச்சரிக்கை

இலங்கையின் கிழக்கே வாகரையிலிருந்து பொத்துவில் வரையான கரையில் அடிக்கடலுக்குத் தூண்டில் இறக்குகிறவர்கள், ‘100% புளோரோகாபன், 80 எல்பி’ என்று பெரிய எழுத்தில் அச்சிட்டு, நூலின் விட்டம் எத்தனை மில்லிமீற்றர் என்பதை மட்டும் எங்கும் குறிக்காமல் விற்கப்படும் லீடர் நூல் சுருளைக் கண்டால் கையை எடுத்துக்கொள்ளுங்கள். (லீடர் என்பது பிரதான நூலுக்கும் தூண்டிலுக்கும் இடையில் கட்டும் நூல். புளோரோகாபன் என்பது நூல் செய்யும் ஒரு கடினமான பிளாஸ்ரிக். எல்பி என்பது நூல் தாங்கும் பாரம், இறாத்தல் கணக்கில்.) அதை நல்ல விலை கொடுத்து வாங்கி, மீனையும் எண்ணெய்ச் செலவையும் இழந்த பின்னர், வீட்டில் வைத்துச் சோதித்துப் பார்த்துவிட்டே இதை எழுதுகிறேன். விற்ற கடையின் பெயரை எழுதவில்லை. நான் கொடுத்த முறைப்பாடு விசாரணையில் இருப்பது ஒரு காரணம். அதே நூல் வேறு வேறு பெயர் ஒட்டிய சுருள்களில் வேறு கடைகளிலும் தொங்குவதைக் கண்டது இன்னொரு காரணம்.

வாடைக்காலம் முடிந்து கடல் இறங்கிய பின்னர், கல்குடாவுக்கு வெளியே உள்ள பாரில் (கடலடிக் கல்திட்டில்) கலவாயும் விளைமீனும் பிடிப்பதற்கென்று, மட்டக்களப்பு நகரத்தில் உள்ள ஒரு மீன்பிடிச் சாமான் கடையில் கல்லில் உரசினாலும் தாங்கக்கூடிய லீடர் வேண்டும் என்று தெளிவாகச் சொல்லிக் கேட்டேன். அங்கே சாதாரண நைலோன் தங்கூசியும் இருந்தது. கடைக்காரர் அதன் பக்கம் திரும்பவே இல்லை. உள்ளேயிருந்து ஒரு சுருளை எடுத்து வந்து, “இது ஜப்பான் சாமான் தம்பி, புளோரோ. கல்லுல எவ்வளவு உரஞ்சினாலும் ஒண்டும் ஆகாது” என்றார். விலை, அதே 80 எல்பி என்று குறித்திருந்த நைலோனைவிட மூன்று மடங்குக்கும் மேல். நான் தயங்குவதைக் கண்டவர், நூலில் ஒரு விரல் நீளத் துண்டை வெட்டி, தான் தேநீர் குடித்து முடித்த கண்ணாடிக் குவளையைக் கழுவித் தண்ணீர் நிரப்பி, அதில் அந்தத் துண்டைப் போட்டு விரலால் அமிழ்த்தினார். துண்டு மெல்ல மெல்லக் கீழே போய் அடியில் கிடந்தது. “தாழுது பாருங்க, நைலோன் எண்டால் மிதக்கும்” என்றார். அடுத்து நூலை இரு கைகளிலும் சுற்றி வெடுக்கென்று இழுத்தும் காட்டினார். நூல் அறவில்லை.

இந்த இரண்டு செய்கைகளும் எதையும் நிரூபிப்பதில்லை. நைலோன் நூலும் தண்ணீரில் தாழும். நல்ல தண்ணீரின் அடர்த்தி ஒரு கன சென்ரிமீற்றருக்கு 1 கிராம், கடல்நீருடையது ஏறத்தாழ 1.025, நைலோனுடையது 1.14 அளவில், ஆகையால் நைலோன் இரண்டிலுமே தாழும், ஆனால் மெதுவாகத் தாழும். தூண்டில் நூலுக்குப் பயன்படும் புளோரோகாபனின் அடர்த்தியோ 1.78 அளவு, அது மணலைப் போல விறுவிறென்று இறங்கிவிடும். குவளைக்குள் துண்டு மெல்ல இறங்கியதே அது நைலோன் என்பதற்கான அடையாளம். கையால் இழுத்துக் காட்டியதும் அப்படியே: அரை மில்லிமீற்றருக்கு மேற்பட்ட எந்த நூலையும், அது எந்தப் பொருளால் ஆனது என்றாலும், வெறுங்கையால் அறுப்பது கடினம், நூல் அறும் முன்னர் உள்ளங்கை அறும். புளோரோகாபன் தூண்டில் நூலை 1971இல் முதலில் உருவாக்கியது ஜப்பானிய நிறுவனமான குரேஹா என்பது உண்மை. இந்தச் சுருளிலோ உற்பத்தியாளரின் பெயரும் இல்லை, எந்த நாட்டில் செய்யப்பட்டது என்ற குறிப்பும் இல்லை. சிவப்பு வட்டம் ஒன்றும், ஜப்பானிய எழுத்தைப் போலத் தோன்றும் இரண்டு கோடுகளுமே இருந்தன.

கடலில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இருபத்தைந்து பாகம் (ஒரு பாகம் ஏறத்தாழ ஆறு அடி) அளவில் ஆழமுள்ள இடத்தில், கணவாய் கோத்து இறக்கியதும் மீன் நன்றாகவே எடுத்தது. ஆனால் கலவாய் இரையைக் கவ்வியதும் செய்கிற வேலை, தலையைத் திருப்பித் தன் பொந்துக்குள் போய்ச் செருகிக்கொள்வதுதான். அந்தக் கணத்தில் லீடர் கல்லின் விளிம்பில் கிடந்து உரஞ்சும். என்னுடைய லீடர் அப்படி உரஞ்சுவது கையில் நரநரவென்று தெரியும், உடனே பாரம் போய்விடும். திரும்பத் திரும்ப இதுவே நடந்தது. அதே பாரில், அதே படகின் மறுபக்கத்தில் இருந்து, படகுக்காரக் காக்கா (அண்ணர்) பழைய தடித்த நைலோன் லீடரைக் கட்டிய கைத்தூண்டிலால் கலவாயை ஏற்றிக்கொண்டிருந்தார். அவர் என் நூலின் அறுந்த முனையை வாங்கி, நகத்துக்கும் விரலுக்கும் இடையில் வைத்து மேலிருந்து கீழாக உருவிப் பார்த்துவிட்டு, “இது இழுத்து அறுந்த நூல் இல்ல தம்பி, உரஞ்சி அறுந்தது. ஆனா இவ்வளவு கெதியா அறுறது எண்டால் இது மொத்தம் (தடிப்பு) காணாத நூல்” என்றார். முனை தட்டையாகி, வெண்மையாகி, பஞ்சுபோலப் பிரிந்திருந்தது. அதற்கு மேலே ஒரு முழம் வரையில் நூல் முழுவதும் வெள்ளைக் கீறல்கள்.

கரைக்கு வந்த பின்னர் தொழிற்பட்டறை வைத்திருக்கும் மச்சானிடம் மைக்ரோமீற்றர் வாங்கி நூலை அளந்தேன். பல இடங்களில் அளந்தும் 0.60 மில்லிமீற்றரைத் தாண்டவில்லை. நம்பத்தக்க உற்பத்தியாளர்களின் 80 எல்பி புளோரோகாபன் லீடர் பொதுவாக 0.8 முதல் 0.9 மில்லிமீற்றர் வரை இருக்கும். கால் மில்லிமீற்றர்தானே குறைவு என்று எண்ணத் தோன்றும். ஆனால் நூலின் குறுக்குவெட்டுப் பரப்பு விட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பவே மாறுகிறது. 0.85 மில்லிமீற்றர் நூலோடு ஒப்பிட்டால் 0.60 மில்லிமீற்றர் நூலில் இருப்பது பாதிப் பொருள்தான். கல் அறுக்க வேண்டிய பொருளே பாதி என்றால், அது எவ்வளவு நேரம் தாங்கும்?

அடுத்தது பாரச் சோதனை. 80 எல்பி என்பது 80 இறாத்தல், அதாவது 36 கிலோகிராமுக்குச் சற்றுக் கூட. முடிச்சுப் போட்டால் முடிச்சிலேயே நூல் வலுவிழக்கும் என்பதால், நூலின் ஒரு முனையை வழுவழுப்பான குழாயில் பல சுற்றுகள் சுற்றி இறுக்கி, மறுமுனையை அதேபோல ஒரு கட்டையில் சுற்றி, இடையில் பயணப்பெட்டி நிறுக்கும் தொங்கு தராசை மாட்டி மெல்ல இழுத்தோம். தராசு 20 கிலோகிராமைக் காட்டும் முன்னரே நூல் அறுந்தது. இரவு முழுவதும் தண்ணீரில் ஊறவைத்த துண்டு அதற்கும் குறைவில் அறுந்தது. நைலோன் தண்ணீரை உறிஞ்சும், உறிஞ்சினால் வலுக் குறையும். புளோரோகாபன் தண்ணீரை ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை. ஆக, பாரமும் பொய், பொருளும் பொய்.

பொருளைச் சோதிக்க மைக்ரோமீற்றரும் தராசும் வேண்டியதில்லை, சமையலறை உப்புப் போதும். ஒரு குவளைத் தண்ணீரில் உப்பைப் போட்டுக் கலக்கிக்கொண்டே இருங்கள். இனிக் கரையாது என்று உப்பு அடியில் தங்கும் வரையில் போட வேண்டும். ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஏறத்தாழ 350 கிராம் உப்புப் பிடிக்கும். அந்தக் கரைசலின் அடர்த்தி 1.2 அளவுக்கு வந்துவிடும். அது தெளிந்ததும் நூல் துண்டை விரலில் சவர்க்காரம் தடவி ஈரமாக்கிக் கரைசலின் அடிவரை அமிழ்த்தி விடுங்கள். காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் முடிவு பிழைக்கும். நைலோன் மேலே எழுந்து வரும். புளோரோகாபன் அடியிலேயே கிடக்கும். மேலே மட்டும் புளோரோகாபன் பூசிய நைலோனும் பெரும்பாலும் மேலே எழுந்துவிடும். என் சுருளின் துண்டுகள் எல்லாமே எழுந்து மிதந்தன. காக்காவிடம் இருந்த, அவருடைய மகன் கட்டாரிலிருந்து கொண்டுவந்த மெய்யான புளோரோகாபன் துண்டு ஒன்றையும் அதே குவளையில் போட்டேன். அது அடியை விட்டு அசையவில்லை.

நெருப்பில் பிடித்துப் பார்த்தால் தெரியும் என்று சிலர் சொல்கிறார்கள். அதைச் செய்யாதீர்கள். மெய்யான புளோரோகாபனாக இருந்தால், எரியும்போது ஐதரசன் புளோரைட்டு என்ற நச்சு வாயு வெளியேறும். மூடிய அறையில் முகத்துக்கு நேரே பிடித்து மணந்து பார்க்கும் பொருள் அதுவன்று.

சுருளை எடுத்துக்கொண்டு கடைக்குத் திரும்பிப் போனபோது, “கல்லுல மாட்டினால் எந்த நூல்தான் அறாது?” என்ற பதிலே முதலில் வந்தது. உப்புக்கரைசலை அங்கேயே செய்து காட்டவா என்று கேட்டதும் குரல் மாறியது. திறந்த சாமானைத் திரும்ப எடுப்பதில்லை என்றார். பின்னர் பற்றுச்சீட்டைக் கேட்டார், கொடுத்தேன், அதில் ‘நூல் – 1’ என்றும் விலையும் மட்டுமே எழுதப்பட்டிருந்தன. “இதில புளோரோ எண்டு எங்க இருக்கு?” என்று என்னிடமே திருப்பிக் கேட்டார். எழுதியவர் அவர்தான். வாங்கும் வேளையில் பொருளின் பெயர், எல்பி, விட்டம் மூன்றையும் பற்றுச்சீட்டில் எழுதித் தரும்படி கேளுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். நேர்மையான கடைக்காரருக்கு அதனால் ஒரு நட்டமும் இல்லை. எழுதத் தயங்குகிறவரிடம் வாங்காமல் வந்துவிடலாம்.

அடிக்கடலுக்கு லீடர் தெரிவு செய்யும்போது பலர் எல்பி இலக்கத்தை மட்டும் பார்க்கிறார்கள், விற்பவரும் அதைத்தான் காட்டுகிறார். இழுவையைத் தாங்குவது வேறு, உராய்வைத் தாங்குவது வேறு. மெல்லிய நூலுக்குக் கூடிய எல்பி என்று பெருமையாகச் சொல்லப்படுவது மெய்யாகவே இருந்தாலும், முருகைக்கல்லும் சிப்பியும் படிந்த பாரில் அது ஒரு குறையே ஆகும். பிரைட் நூலை (மெல்லிய இழைகளைப் பின்னிய நூலை) நேரே தூண்டிலில் கட்டி அடியில் போட்டவர்களுக்கு இது தெரிந்திருக்கும்: இழுத்தால் அசையாத நூல், கல்லில் பட்டதும் இழை இழையாகப் போய்விடும். ஆகவே முதலில் விட்டம், அடுத்துப் பொருளின் கடினம், அதன் பின்னரே எல்பி. நான் ஒரு முருகைக்கல் துண்டை மேசையில் இறுக்கி, தண்ணீர் நிரப்பிய போத்தலை நூலில் தொங்கவிட்டு, கல்லின் விளிம்பில் முன்னும் பின்னும் இழுத்துப் பார்த்தேன், அந்த 0.60 நூல் அறுந்து போத்தல் விழுந்த நேரத்தில், கடைக்காரர் திரும்பிக்கூடப் பாராத 0.90 மில்லிமீற்றர் நைலோனில் மேற்கீறல்கள் மட்டுமே விழுந்திருந்தன. ஆழத்தில் வெளிச்சம் குறைவு. கலவாய் நூலைக் கண்டு ஒதுங்குகிற மீனும் அன்று. புளோரோகாபன் கண்ணுக்குத் தெரியாது என்ற காரணத்துக்காக அடிக்கடலில் கூடுதல் விலை கொடுப்பது எனக்கு அவசியமாகப் படவில்லை. அதன் கடினமும் தண்ணீர் உறிஞ்சாமையும் நல்லவைதான், கைவசம் பணமும் நம்பிக்கையான கடையும் இருந்தால் வாங்கலாம், இல்லையென்றால் 0.9 அல்லது 1 மில்லிமீற்றர் கடின நைலோனில் ஒரு பாகம் அல்லது ஒன்றரைப் பாகம் கட்டினால் நம் பார்களுக்கு அது போதும். சீலாவும் அறக்குளாவும் வரும் இடம் என்றால் கதை வேறு. அந்தப் பல்லுக்குக் கம்பிதான்.

நைலோன் வாங்கும்போதும் ஒன்றைக் கவனியுங்கள். கடை வாசலில் வெயிலில் தொங்கும் சுருளை வாங்காதீர்கள். கச்சான் வெயிலில் மாதக்கணக்கில் கிடந்த நைலோன் மேலே சுண்ணாம்பு பூசியதுபோல் மங்கி, மடித்தால் மடிப்பிலேயே வெள்ளையாகி முறியும். உள்ளே, பெட்டிக்குள் இருப்பதைக் கேட்டு வாங்குங்கள்.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, பொருளைப் பற்றிப் பொய்யான விபரம் கூறி விற்பது குற்றம். அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் பேசலாம். முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும், வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். என் முறைப்பாட்டோடு சுருளின் மேலட்டை, பற்றுச்சீட்டு, வெட்டாத ஐந்து மீற்றர் நூல், மைக்ரோமீற்றரின் அளவு தெரியும் படம் ஆகியவற்றை இணைத்துக் கொடுத்திருக்கிறேன். சிவப்பு வட்டம் போட்ட இதே சுருளை வாங்கியவர்கள் மேலட்டையை எறிந்துவிடாமல் வைத்திருந்து, உப்புத் தண்ணீரில் போட்டுப் பார்த்துவிட்டு, தங்கள் பெயரிலும் தனித்தனியாக ஒரு முறைப்பாட்டை எழுதிக் கொடுங்கள்; கடைக்காரர் அதை மொத்தமாக எங்கிருந்து எடுக்கிறார் என்பதை அதிகாரிகள் கேட்டறிவதற்கு ஒருவருடைய கடிதத்தைவிடப் பலருடைய கடிதங்கள் உதவும்.