கம்பிவலையா, சோலார் வேலியா: கொறங்காட்டுச் செம்மறிகளுக்கு எது காவல்?

காங்கேயம், வெள்ளகோவில், சென்னிமலைப் பக்கம் செம்மறி வளர்ப்பவர்களிடம் வேலியைப் பற்றிப் பேச்செடுத்தால் அது உடனே நாய்களிடம் போய் நிற்கிறது. தெருநாய்கள் கூட்டமாகப் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் குதறுவது 2024, 2025 ஆண்டுகளில் ஓயாமல் நடந்தது. இழப்பீடு கேட்டு விவசாயிகள் போராட்டத்தில் இறங்கினார்கள். அதுவரை ஆடு மாடு வெளியே போகாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்றிருந்த வேலிக்கு, உள்ளே வருவதைத் தடுக்கும் வேலையும் சேர்ந்துகொண்டது. எங்கள் நான்கு ஏக்கர் கொறங்காட்டுக்கு, அதாவது வேலியடைத்த மேய்ச்சல் காட்டுக்கு, மூன்று வழிகளை எடைபோட்டேன்: உயிர்வேலியாக நிற்கும் கிளுவை முள்செடியை அடர்த்தியாக்குவது, கம்பிவலை அடிப்பது, சோலார் மின்வேலி போடுவது. மூன்றாவதைத் தேர்ந்தேன். அதன் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன்.

கிளுவையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கொழுக்கட்டைப்புல், வெள்வேலமரம், சுற்றிலும் முள்கிளுவை என்பதுதான் கொறங்காடு. மாட்டுக்கு அதைவிட நல்ல வேலி கிடையாது. ஆனால் வயதான கிளுவை மேலே அடர்ந்து கீழே காலியாகிவிடுகிறது. அந்தச் சந்துகளில் புதிதாகப் போத்து (வெட்டிய கிளைத்துண்டு) நட்டால் அது தழைத்து அடைக்கச் சில ஆண்டுகள் ஆகும். அதுவரை நாய் காத்திருக்காது. கிளுவையை வெட்டி எறியச் சொல்லவில்லை. எங்கள் காட்டிலும் அது அப்படியேதான் இருக்கிறது. சோலார் வேலியை அதற்கு உட்புறம், கிளைகள் கம்பியைத் தொடாத தூரத்தில் போட்டிருக்கிறோம்.

கம்பிவலைக்கு ஒரு பெரிய நன்மை உண்டு. அதற்கு மின்சாரம் வேண்டாம், பேட்டரி வேண்டாம், ஆடுகளைப் பழக்கவும் வேண்டாம். இரவில் ஆடு அடையும் பட்டியைச் சுற்றி மட்டும் வேலி வேண்டும் என்பவருக்கு நான் கம்பிவலையைத்தான் சொல்வேன். காடு முழுவதற்கும் என்றால் கணக்கு மாறிவிடுகிறது. நான்கு ஏக்கர் சரியான சதுரமாக இருந்தாலே சுற்றளவு 500 மீட்டரைத் தாண்டும். அவ்வளவு நீளத்துக்கும் கல்லுக்கால் நெருக்கமாக வேண்டும். நாய் அடியில் தோண்டி நுழையாதிருக்க வலையின் கீழ்ப்பகுதியை மண்ணில் புதைக்க வேண்டும், அல்லது கான்கிரீட் போட வேண்டும். எனக்குக் கிடைத்த விலைப்பட்டியல்களில் கம்பிவலைச் செலவு சோலாரைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்காக வந்தது. கிடாய்கள் உரசி முட்டுவதால் வலை தொய்வதும், மண்ணில் புதைந்த பகுதி முதலில் துருப்பிடிப்பதும் அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் கண்ணால் பார்த்தவை.

சோலார் வேலியின் உயிர் எனர்ஜைசர் என்ற பெட்டியில் இருக்கிறது. 12 வோல்ட் பேட்டரியிலிருந்து எடுக்கும் மின்சாரத்தை அது பல ஆயிரம் வோல்ட் துடிப்பாக மாற்றிக் கம்பிக்கு அனுப்புகிறது. ஒவ்வொரு துடிப்பும் நொடியில் மிகச் சிறிய பின்னம்தான். இரண்டு துடிப்புகளுக்கு நடுவே குறைந்தது ஒரு நொடி இடைவெளி இருக்க வேண்டும் என்பது சர்வதேசத் தர விதி. தொட்ட விலங்கு உதறிக்கொண்டு விலக அந்த இடைவெளி போதும். வீட்டு மின்சாரம் 230 வோல்ட்தான் என்றாலும் விடாமல் பாய்ந்து தசையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், இதயத்தை நிறுத்திவிடும். இந்த வேறுபாடு தெரியாமலோ, தெரிந்தும் செலவை மிச்சப்படுத்தவோ, மோட்டார் இணைப்பிலிருந்து கம்பியை நேராக இழுத்து வேலிக்குக் கொடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது வேலி இல்லை, கொலைப்பொறி. 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே மூன்று யானைகள் அப்படிப்பட்ட கம்பியில்தான் செத்து விழுந்தன. இரண்டு குட்டிகள் தாயின்றி நின்றன. மனிதர்களும் ஆண்டுதோறும் சாகிறார்கள். அதே 2023இல் தமிழ்நாடு அரசு மின்வேலிகளைப் பதிவு செய்வதற்கும் ஒழுங்குபடுத்துவதற்கும் விதிகள் கொண்டுவந்தது. காப்புக்காட்டை ஒட்டி நிலம் இருப்பவர்கள் வனத்துறையிடம் கேட்காமல் ஒரு கல்லுக்கால்கூட நடக் கூடாது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சோலார் வேலி வேலை செய்வதும் செய்யாததும் எர்த்தில் இருக்கிறது. விற்பவர்கள் வோல்ட்டைப் பற்றிப் பேசுவார்கள், துடிப்பின் ஆற்றலை ஜூல் கணக்கில் சொல்வார்கள். எர்த்துக்கு ஒரே ஒரு கம்பியைத் தட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

கம்பியைத் தொட்ட ஆட்டின் உடல் வழியாகத் துடிப்பு காலுக்கு இறங்கி, மண்ணில் ஓடி, எர்த் கம்பி வழியாகப் பெட்டிக்குத் திரும்பினால்தான் அதிர்ச்சி உண்டாகும். மண் ஈரமாக இருந்தால் தடையில்லை. எங்கள் பக்கத்துச் செம்மண்ணும் சரளையும் சித்திரையில் எப்படி இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். காய்ந்த மண்ணில் மின்சாரம் திரும்பி வராது. டெஸ்டரில் 6,000 வோல்ட் காட்டும் கம்பியை நாய் உரசிக்கொண்டு சாவகாசமாகப் போய்விடும்.

இதற்கு இரண்டு வேலைகள் செய்தாக வேண்டும். முதலாவது, ஏறக்குறைய இரண்டு மீட்டர் நீளமுள்ள ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) கம்பிகள் மூன்றையாவது, ஒன்றுக்கொன்று மூன்று மீட்டர் தள்ளி, ஈரம் நிற்கும் இடத்தில் அடிப்பது. ஆடுகள் தண்ணீர் குடிக்கும் தொட்டியின் வழிநீர் போகும் இடம் இதற்குப் பொருத்தம். அவற்றை இணைக்கவும் ஜிஐ கம்பியே வேண்டும். தாமிரத்தைக் கொண்டுவந்து ஜிஐயோடு முறுக்கினால் சேரும் இடம் அரித்துப்போகும். மோட்டாரின் எர்த்திலிருந்தும் வீட்டின் எர்த்திலிருந்தும் பத்து மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும். ஏற்கெனவே இருக்கும் எர்த்தில் சேர்த்துவிடலாமே என்று எலக்ட்ரீஷியன் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இரண்டாவது வேலை எங்கள் வறண்ட நிலத்துக்கென்றே உள்ளது. எல்லாக் கம்பியிலும் மின்சாரம் விடாமல், ஒன்றுவிட்டு ஒன்றை எர்த்தோடு இணைத்துவிடுவது. தரையிலிருந்து 15 சென்டிமீட்டரில் மின்கம்பி, 30இல் எர்த் கம்பி, 45இல் மறுபடி மின்கம்பி என்று போகும். நடுவே தலையை நுழைக்கும் நாய் இரண்டையும் ஒருசேரத் தொடும். மண் எவ்வளவு காய்ந்திருந்தாலும் அடி விழும். நான் கம்பிவலையை விட்டு இந்தப் பக்கம் வந்ததற்கு இந்த அமைப்பே காரணம். இது இல்லாமல் கோடையில் சோலார் வேலியை நம்பச் சொல்ல என்னால் முடியாது.

எர்த் சரியாக இருக்கிறதா என்று சோதிப்பதும் எளிது. பெட்டியிலிருந்து 100 மீட்டர் தள்ளி, பெட்டியை அணைத்துவிட்டு, சில இரும்புக் கம்பிகளைத் தரையில் ஊன்றி மின்கம்பியோடு சாய்த்து வையுங்கள். பெட்டியைப் போட்டதும் வேலியின் வோல்ட் 2,000க்குக் கீழே வர வேண்டும். அப்போது மண்ணில் அடித்த எர்த் கம்பியின் தலையில் டெஸ்டரை வைத்தால் 300 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. காட்டினால் இன்னொரு எர்த் கம்பி அடிக்க வேண்டும். பங்குனியில் ஒருமுறை, மழைக்குப் பிறகு ஒருமுறை பார்ப்பது நல்லது.

பராமரிப்பில் கம்பிவலை ஜெயிக்கும் இடத்தையும் சொல்ல வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் புல் வளர்ந்து கீழ்க்கம்பியைத் தொடும். தொட்ட இடமெல்லாம் மின்சாரம் ஒழுகும், வோல்ட் இறங்கும். செம்மறிக்கு 4,000க்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டுமென்றால் வேலியோரம் அரிவாளோடு நடந்துதான் ஆக வேண்டும். ஆள் கிடைக்காதவர்கள் இதை யோசித்துக்கொள்ளட்டும். பேட்டரி எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதில் எனக்கு இன்னும் அனுபவம் போதாது. முதல் பேட்டரியே ஓடிக்கொண்டிருக்கிறது.

மேச்சேரிச் செம்மறிக்கு உடலில் கம்பளி இல்லை, குட்டை முடிதான். அதனால் அதிர்ச்சி நன்றாக உறைக்கிறது. புதிதாக வாங்கிய ஆடுகளை நேராகக் காட்டில் விடாமல், பட்டிக்குள் ஒரு ஓரத்தில் மின்கம்பி கட்டிச் சில நாள் பழக்கினோம். மூக்கால் ஒருமுறை தொட்டது மறுமுறை அருகே போகவில்லை. வெள்ளாடு எங்களிடம் இல்லை. அவை எதையும் ஏறித் தாண்டப் பார்ப்பவை என்பதால், வளர்ப்பவர்களிடம் கேட்டு முடிவெடுங்கள்.

பாதுகாப்பில் விட்டுக்கொடுக்கக் கூடாதவை சில. முள்கம்பியில் மின்சாரம் விடவே கூடாது, மாட்டிக்கொண்டவர் விலக முடியாது. ஒரே வேலிக்கு இரண்டு எனர்ஜைசர் இணைக்கக் கூடாது. துடிப்புகளின் இடைவெளி குலைந்துவிடும். மின்வாரியக் கம்பிகளுக்கு அடியில் நெடுக ஓட்டக் கூடாது. பாதையோரம் எச்சரிக்கைப் பலகை வேண்டும். பள்ளிக் குழந்தைகள் நடக்கும் வண்டித்தடப் பக்கம் கிளுவையே வெளிச்சுவராக இருப்பதால் எங்களுக்கு நிம்மதி. கிளுவை இல்லாதவர்கள் அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் கம்பிவலை போட்டு, மற்ற மூன்று பக்கமும் சோலார் போடலாம்.

வேளாண்மைப் பொறியியல் துறை சோலார் வேலிக்கு 5, 7, 10 வரிசைக் கம்பி என்று வகுத்து மானியம் தந்திருக்கிறது. விண்ணப்பிப்பதற்கு முன், ஒன்றுவிட்டு ஒன்று எர்த் கம்பியாக அமைத்துத் தருவார்களா என்று கேளுங்கள். அடுத்து நாங்கள் கீழ்க்கம்பிக்குத் தனி சுவிட்ச் வைக்கப் போகிறோம். புல் அடர்ந்து அறுக்க ஆள் வராத நாட்களில் அதை மட்டும் அணைத்துவிட்டு மேலுள்ள கம்பிகளை வலுவோடு ஓடவிடலாம்.