வீராங்கனைகளின் மாதவிடாய்ச் சுழற்சிக்கு உணவு சொல்லும் செயலி: ஒரு மதிப்பீடு

மாதவிடாய்ச் சுழற்சியை நான்கு கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனி உணவுப் பட்டியல் தரும் கட்டணச் செயலி ஒன்றை, நான் உணவு ஆலோசனை வழங்கும் நெடுந்தூர ஓட்ட வீராங்கனைகள் சிலருடன் சேர்ந்து பயன்படுத்திப் பார்த்தேன். இங்கிலாந்தின் செல்சி மகளிர் கால்பந்து அணி வீராங்கனைகளின் சுழற்சிக்கேற்பப் பயிற்சியை அமைப்பதாக 2020இல் வெளியான செய்தி பலரும் அறிந்ததே. பயிற்சியாளரிடம் சொல்லத் தயங்கும் வலியையும் களைப்பையும் ஒரு பெண் தானே நாள்வாரியாகக் குறித்துவைக்க முடிவது இச்செயலியின் முதல் நன்மை.

இரும்புச்சத்துப் பகுதியை மனமாரப் பாராட்டுகிறேன். உதிரப்போக்கு மிகும் நாட்களில் கீரை, பயறு ஆகியவற்றுடன் எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்க்கச் சொல்வதும், சாப்பிட்டவுடன் தேநீர் அருந்துவதைத் தள்ளிப்போடச் சொல்வதும் சரியான, எளிதில் பின்பற்றக்கூடிய அறிவுரைகள். ஆனால் கட்டத்துக்குக் கட்டம் பட்டியலையே மாற்றும் அளவுக்கு ஆய்வுச் சான்று இல்லை. சினைமுட்டை வெளியேறிய பின் பசியும் ஓய்வுநிலை ஆற்றல் செலவும் சற்றே கூடலாம். அதற்கு ஒரு வாழைப்பழமும் ஒரு கைப்பிடி வேர்க்கடலையும் போதும்.

பெருங்குறை கருத்தடை பற்றிய பகுதியில் இருக்கிறது. கூட்டு ஹார்மோன் மாத்திரை எடுக்கும் ஒருவர் அதைத் தெளிவாகப் பதிவு செய்திருந்தும், இருபதாம் நாளில் அவருக்கு ‘புரொஜெஸ்டிரோன் உச்சத்தில் உள்ளது, மாவுச்சத்தைக் கூட்டுங்கள்’ என்ற குறிப்பு வந்தது. புரொஜெஸ்டிரோன் சினைமுட்டை வெளியேறிய பின் உடலில் கூடும் ஹார்மோன். மாத்திரையோ சினைமுட்டை வெளியேறுவதைத் தடுத்து, உடல் தானே சுரக்கும் ஹார்மோன்களைத் தாழ்த்தி வைக்கிறது. மாத்திரை எடுக்காத இடைவெளி நாட்களில் வருவது மருந்து நிறுத்தப்பட்டதால் ஏற்படும் உதிரப்போக்கே ஆதலால், அவருக்கு அந்த நான்கு கட்டங்களே கிடையாது. ஹார்மோன் இல்லாத காப்பர்-டி என்ற கருப்பைச் சாதனம் உதிரப்போக்கைக் கூட்டக்கூடும், லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோனை வெளியிடும் கருப்பைச் சாதனம் குறைக்கும் என்பதால் இரும்புத் தேவையும் வேறுபடும். செயலியோ எல்லாவற்றையும் ஒரே அச்சில் அடைத்துவிடுகிறது.

இதைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று. பயிற்சிக்கு ஈடாகச் சாப்பிடாத வீராங்கனைக்கு மாதவிடாய் நின்றுபோவது உடல் தரும் எச்சரிக்கை. எலும்பு மெலிவும், தொடர் பயிற்சியின் அழுத்தத்தால் எலும்பில் விரிசல் விழும் அழுத்த முறிவும் அதைத் தொடரக்கூடும். பன்னாட்டு ஒலிம்பிக் குழு 2014இல் வெளியிட்டு 2018இலும் 2023இலும் புதுப்பித்த கருத்தறிக்கை பேசுவது இந்த ஆற்றல் பற்றாக்குறையைத்தான். மாத்திரை எடுப்பவருக்கு உதிரப்போக்கு மாதந்தோறும் வந்துகொண்டிருப்பதால் அந்த எச்சரிக்கை மறைந்துவிடும். அத்தகையவரிடம் எடை குறைந்ததா, உணவு தவறியதா, முன்பு எலும்பில் விரிசல் வந்ததா என்று கேட்க வேண்டிய செயலி, ‘சீரான சுழற்சி’ என்று பச்சைக்குறி இடுகிறது. எலும்பு அடர்த்தியைக் குறைக்கக்கூடிய புரொஜெஸ்டின் கருத்தடை ஊசி போட்டுக்கொள்பவருக்குக் கால்சியம் பற்றி ஒரு வரிகூட இல்லை.

ஹார்மோன் கருத்தடை பயன்படுத்தாதவர்கள் நாட்குறிப்புக்காகவும் இரும்புச்சத்துக் குறிப்புகளுக்காகவும் இதை வாங்கலாம். மாத்திரையோ ஊசியோ பயன்படுத்துபவர்கள் அந்தச் சந்தாத் தொகையை உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனைக்கும் விளையாட்டு மருத்துவரைச் சந்திப்பதற்கும் செலவிடுவதே நல்லது.