தேவை உதவியா, மெரிட்டா? நான்கு ஆண்டுக்கும் கணக்குப் போடுங்கள்

அமெரிக்காவில் இளநிலை படிக்கும் வெளிநாட்டு மாணவருக்குப் பணம் இரண்டு வழியில் வரும். குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கொடுப்பது நீட் பேஸ்டு எய்ட் (need-based aid), அதாவது தேவை உதவி. மதிப்பெண்ணையும் சாதனையையும் பார்த்துக் கொடுப்பது மெரிட் ஸ்காலர்ஷிப். ஃபாஃப்சா என்ற விண்ணப்பம் வழியாக வரும் அமெரிக்க மத்திய அரசு உதவி எஃப்-1 மாணவர் விசாக்காரருக்குக் கிடையாது. நடுத்தரக் குடும்பமாக இருந்தால் தேவை உதவியைத்தான் முதலில் முயல வேண்டும் என்பது என் கட்சி.

மெரிட்டில் நுழைவது எளிது. பல இடங்களில் சேர்க்கை விண்ணப்பமே போதும். பெற்றோரின் சொத்துக் கணக்கைக் கேட்க மாட்டார்கள். சிக்கல் இரண்டாம் ஆண்டில்தான் தெரியும். பெரும்பாலும் தொகை நான்கு ஆண்டுக்கும் ஒன்றே. கட்டணமோ ஆண்டுதோறும் ஏறும். மொத்தச் செலவு 60,000 டாலர், ஸ்காலர்ஷிப் 25,000 என்று வைத்துக்கொள்வோம். செலவு ஆண்டுக்கு 4% ஏறினால், முதல் ஆண்டில் 35,000 ஆக இருக்கும் கைப்பணம் நான்காம் ஆண்டில் ஏறத்தாழ 42,500. நான்கு ஆண்டில் கூடுதல் சுமை 14,800 டாலருக்குக் கொஞ்சம் குறைவு. ரூபாய் சரிந்தால் அதுவும் உங்கள் தலையில்தான். போதாக்குறைக்கு ஜிபிஏ (சராசரி மதிப்பெண்) நிபந்தனை: பல இடங்களில் 4-க்கு 3.0. பொறியியல் முதலாண்டில் கால்குலஸும் வேதியியலும் சேர்ந்து காலை வாரிவிடும். நிபந்தனையை செமஸ்டருக்கு ஒருமுறை பார்க்கிறார்களா, ஆண்டு முடிவிலா, இழந்தால் மீட்க வழி உண்டா என்று சேரும் முன்பே மின்னஞ்சலில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

முழுத் தேவையையும் ஈடுசெய்யும் கல்லூரிகளில் கணக்கு தலைகீழ். குடும்பப் பங்கை முதலில் முடிவு செய்து, மீதியைக் கல்லூரி ஏற்கிறது. ஆண்டுதோறும் மறுகணக்கு போடும் இடமாக இருந்தால் கட்டண உயர்வையும் ரூபாய்ச் சரிவையும் பெருமளவு அதுவே தாங்கிக்கொள்ளும். ஆனால் அப்பாவுக்குச் சம்பளம் ஏறினாலோ, உடன்பிறந்தவர் படிப்பை முடித்தாலோ உங்கள் பங்கு கூடலாம். முதலாண்டுத் தொகையையே நிலையாக வைக்கும் கல்லூரிகளும் உண்டு, “கட்டணம் ஏறினால் உதவியும் ஏறுமா?” என்ற ஒரு கேள்வியில் அது தெரிந்துவிடும்.

இடம் கிடைப்பதுதான் கடினம். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹர்ஸ்ட், டார்ட்மத், போடன் போன்ற சில இடங்களில் மட்டுமே உதவி கேட்பது சேர்க்கையைப் பாதிக்காது. மற்ற பல இடங்களில் கேட்கும் தொகை பெரிதானால் வாய்ப்பு சுருங்கும். அதற்குப் பயந்து கேட்காமல் சேர்ந்துவிட்டு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பது பொறி. ஸ்டான்ஃபோர்டில் விண்ணப்பத்தின்போது கேட்காத வெளிநாட்டு மாணவர் பொதுவாக நான்கு ஆண்டும் கேட்க முடியாது. ஆகவே பட்டியலில் மெரிட் தரும் இரண்டு மூன்று இடங்களும் இருக்கட்டும்.

தேவை உதவிக்காகக் குடும்ப நிதி விவரம் கேட்கும் இணையப் படிவமான சிஎஸ்எஸ் ப்ரொஃபைல் அக்டோபர் 1-ல் திறக்கும். முதல் கல்லூரிக்கு 25 டாலர், அடுத்த ஒவ்வொன்றுக்கும் 16. கட்ட முடியாதவர்கள் கல்லூரியிடமே விலக்குக் குறியீடு கேட்கலாம். தொகைகளை ரூபாயிலேயே நிரப்புங்கள். மாதச் சம்பளத்தை ஆண்டு வருமானக் கட்டத்தில் போடுவது அடிக்கடி நடக்கும் தவறு. ஐடிஆர், ஃபாரம் 16 இரண்டோடும் எண் ஒத்துப்போகாவிட்டால் கோப்பு அங்கேயே நிற்கும். வட்டாட்சியர் தந்த வருமானச் சான்று தமிழில் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும்.

வரி விஷயத்தில் மட்டும் மெரிட் முந்துகிறது. கல்விக் கட்டணம், கட்டாயப் புத்தகங்களுக்குள் அடங்கும் உதவிக்கு வரி இல்லை, மேலே சொன்ன 25,000 போன்ற மெரிட் தொகை பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடும். முழுத் தேவை உதவியில் அறை, சாப்பாட்டுக்குத் தரும் பகுதிக்கு 14% வரி பிடித்துக்கொள்வார்கள். அந்தப் பகுதி 20,000 டாலர் என்றால் 2,800. ஆனால் இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21-ஆம் பிரிவுப்படி இந்திய மாணவர் நிலையான கழிவை (வரிக்கு முன் வருமானத்தில் கழிக்கும் தொகை) கோரலாம். 2024 வரியாண்டில் அது 14,600. வேறு வருமானம் இல்லாவிட்டால் மத்திய வரி 540 டாலர்தான். மீதி 2,260 திரும்பி வரும், 1040-என்ஆர் என்ற அமெரிக்க வருமான வரிப் படிவத்தைத் தாக்கல் செய்தால்.