ஊருக்குப் போன இடத்தில் நெஞ்சில் நின்ற கேப்சூல்

மே மாதம் பத்தொன்பது நாள் லீவில் துபாயிலிருந்து கீழக்கரை போயிருந்தேன். அதில் ஆறு நாள் எச்சில் விழுங்கவே பயந்துகொண்டு கிடந்தேன், அந்தக் கதைதான் இது.

கிளம்புவதற்கு முன் முதுகில் ஒரு கட்டி. அங்கிருந்த டாக்டர் டாக்ஸிசைக்ளின் கேப்சூல் எழுதிக் கொடுத்தார், காலை ஒன்று, இரவு ஒன்று. சென்னையிலிருந்து ராமேஸ்வரம் ரயிலில் எனக்குக் கிடைத்தது சைடு அப்பர். அதில் நிமிர்ந்து உட்கார முடியாது என்பது போனவர்களுக்குத் தெரியும். தண்ணீர் பாட்டிலில் அடியில் ஒரு மடக்கு மிச்சம், இறங்கிப் போய் வாங்கச் சோம்பல், கேப்சூலை வாயில் போட்டு அந்த ஒரு மடக்கில் தள்ளிவிட்டு அப்படியே சாய்ந்தேன். விடிகாலையில் ராமநாதபுரத்தில் இறங்கி டீ குடித்தபோது நெஞ்சுக்கு நடுவில் யாரோ தீக்குச்சி உரசினது மாதிரி இருந்தது.

வீட்டில் எல்லோருக்கும் காரணம் உடனே தெரிந்துவிட்டது. "ரெண்டு வருஷம் கழிச்சு முண்டு மிளகா திங்கிற, வயிறு தாங்குமா" என்றார்கள் உம்மா. எங்கள் ராமநாதபுரம் முண்டுக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது பெருமைதான், ஆனால் நான் அப்போது மீன்குழம்பில் கையே வைக்கவில்லை! ஓமத் தண்ணி வந்தது, சுக்குக் கஷாயம் வந்தது. ஒவ்வொரு மடக்கும் நடுநெஞ்சில் ஒரே இடத்தில் நின்று எரித்துவிட்டு இறங்கியது.

மெடிக்கலில் போய் நெஞ்செரிச்சல் என்று சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் ஒரு அட்டை கையில் இருந்தது, பேன்டோப்ரசோலும் டாம்பெரிடோனும் சேர்ந்தது, ஊரில் அதற்கு ஒரே பெயர், கேஸ் மாத்திரை. நூற்றுச் சொச்சம் ரூபாய். எப்போது சாப்பிட வேண்டும், எத்தனை நாள், வேறு மாத்திரை போடுகிறீர்களா, ஒரு கேள்வி கிடையாது. நானும் சாப்பாட்டுக்கு அப்புறம் போட்டேன், மூன்று நாள். கூடவே அந்த டாக்ஸிசைக்ளினையும் ஒழுங்காகப் போட்டுக்கொண்டிருந்தேன் என்பதுதான் இதில் கூத்து.

நாலாம் நாள் நுங்கு மட்டும்தான் வலிக்காமல் வழுக்கிக்கொண்டு போனது. இனி முடியாது என்று காக்கா (எங்கள் ஊரில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம்) வண்டியில் ஏற்றி ராமநாதபுரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். ஒன்பது மணிக்கு டோக்கன், கூப்பிட்டது ஒன்றே கால் மணிக்கு. நடுவில் பில் கவுன்டரில் ஒரே பரிசோதனைக்கு இரண்டு தடவை பணம் கட்டச் சொல்லி, காக்கா சத்தம் போட்ட பிறகு திருப்பிக் கொடுத்தார்கள். நெஞ்சுவலி என்றதும் முதலில் ஈசிஜி எடுத்தார்கள், அது சரியான முறை, குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்த டாக்டர் அம்மா கேட்ட கேள்விதான் நான் கொடுத்த காசுக்கு ஈடு. "என்ன மாத்திரை போடுறீங்க"ன்னு எல்லோரும்தான் கேட்பார்கள், இவர் "எப்படிப் போட்டீங்க, உட்கார்ந்தா, படுத்தா" என்று கேட்டார். சைடு அப்பர் என்றதும் சிரித்துவிட்டார்.

மறுநாள் வெறும் வயிற்றில் எண்டோஸ்கோப்பி. தொண்டையில் கசப்பாக ஒரு ஸ்பிரே அடித்து மரத்துப்போக வைத்து, பல்லிடுக்கில் வளையம் மாதிரி ஒன்றைக் கடிக்கக் கொடுத்து, ஐந்து நிமிடத்தில் முடிந்தது. படத்தில் உணவுக்குழாயின் நடுவில் எதிரெதிராக இரண்டு புண். வயிற்று அமிலம் மேலே ஏறி வருகிற அழற்சி பெரும்பாலும் அடிப்பக்கம், வயிற்றை ஒட்டித்தான் இருக்குமாம். நடுவில் பெருந்தமனி வளைந்து குழாயை லேசாக அழுத்துகிற இடத்தில்தான் மாத்திரைகள் சிக்கிக்கொள்ளும், அதிலும் டாக்ஸிசைக்ளின் கரைந்தால் அதுவே அமிலம் மாதிரி சதையைப் பொசுக்கும் என்றார். கேப்சூலை நிறுத்தியாயிற்று, கட்டியும் அதற்குள் வற்றியிருந்தது. புண் மேல் பூச்சுப் போல நிற்க சுக்ரால்ஃபேட் சிரப், கூடவே அதே பேன்டோப்ரசோல் 40 மில்லிகிராம், ஆனால் காலை உணவுக்கு அரை மணி நேரம் முன்னால். சாப்பாடு உள்ளே வரும்போதுதான் வயிற்றில் அமிலம் சுரக்கிற பம்புகள் வேலையை ஆரம்பிக்கும், அந்த நேரம் மருந்து இரத்தத்தில் தயாராக இருந்தால்தான் அடைக்க முடியும், இது போட்டவுடன் வலி போகிற மாத்திரை இல்லை என்று ஒரு தாளில் படம் போட்டே காட்டினார். வாரம் பத்து நாளில் ஆறிவிடும் என்றார், ஆறாம் நாளே இட்லி இறங்கியது.

கூட வந்திருந்த உம்மா சும்மா இருக்காமல் "நானும் இதைத்தான் நாலு வருஷமா போடுறேன்" என்று பெருமையாகப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார்கள். முழங்கால் வலிக்கு மாத்திரை எழுதியபோது வயிற்றுக்குப் பாதுகாப்பாக யாரோ சேர்த்து எழுதியது. வலி மாத்திரை மூன்று மாதத்தில் நின்றுவிட்டது, இது நிற்கவில்லை, சீட்டைக் காட்டினால் கடையில் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். இதை வருஷக்கணக்கில் போட்டால் குறையக்கூடும் என்று டாக்டர் உம்மாவுக்கு வைட்டமின் பி12-உம் மெக்னீசியமும் பார்க்கச் சொன்னார், பி12 குறைவாகத்தான் இருந்தது, ஊசி போட்டார்கள். ஒரேயடியாக நிறுத்தினால் அடக்கி வைத்த அமிலம் சில வாரம் கூடுதலாகச் சுரந்து எரியும், அதைப் பார்த்து நோய் திரும்பிவிட்டது என்று நினைத்து மறுபடி ஆரம்பிப்பார்கள், அதனால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று குறைக்கச் சொன்னார். மீதிக்குத் தேவையானதை மக்கள் மருந்தகத்தில் வாங்கினேன், வெளியில் கொடுத்ததில் கால்வாசிகூட ஆகவில்லை.

திரும்பி வரும்போது லோயர் பெர்த் கிடைக்கிறதா என்று பார்த்துத்தான் டிக்கெட் போட்டேன். போன வாரம் உம்மாவுக்குப் போன் போட்டேன். எல்லாம் நின்றுவிட்டது, ஏப்பம்கூட இல்லை என்றார்கள். அப்புறம் மெதுவாக, "கல்யாண வீட்டு பிரியாணி அன்னிக்கு மட்டும் ஒண்ணு போட்டேன், ஒண்ணுதானே வாப்பா" என்றார்கள்.